வைஃபைக்குப் பத்திரிகை வைத்தல்

பாண்டியன் நகர் மூன்றாவது தெருவில் வைஃபையை நேரில் போய் அழைத்தால்தான் வரும். வீட்டுக்குப் புதிதாக ஒரு போனோ டிவியோ வந்துவிட்டால், கணவனும் மனைவியுமாகத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து, பத்திரிகையோடு வைஃபை பெட்டியின் முன்னால் நின்று, அவசியம் வந்துவிட வேண்டும் என்று சொல்ல வேண்டும். பெட்டி சொந்த வீட்டிலேயே, பக்கத்து அறையிலேயே இருந்தாலும் சரி, செருப்பை மாட்டித் தெருவில் இறங்கி, மறுபடி படியேறி வந்து அழைப்பதுதான் மரியாதை. அச்சடித்த பத்திரிகைகள் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். பெயர் எழுதுவதும் ஓரத்தில் மஞ்சள் தடவுவதும் மட்டும் நம் வேலை.

பூவலிங்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம், என்ன காரணம் என்று எழுதி ஓய்வு பெற்றவர் அவர். தனக்குத் தெரியாத விஷயமே இல்லை என்று ஒரு நினைப்பு அவருக்கு உண்டு. அந்த நினைப்பால் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல என்பதும் அவருக்கே தெரியும். ஆனாலும் நினைப்பு மட்டும் தேயவில்லை.

ஆடித் தள்ளுபடியில் அவர் ஒரு டேப்லெட் வாங்கினார். கடையில் இருந்ததிலேயே மலிவானது. கூடவே ஒரு இட்லிப் பானை இலவசம். வீட்டில் இரண்டையும் பிரித்துப் பார்த்த அவர் மனைவி கனகவல்லி, இதில் இட்லிப் பானைதான் உருப்படி என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

டேப்லெட் வாங்கியது தம்பி சோலையப்பனுக்காக. தம்பி மஸ்கட்டில் இருக்கிறான். பேச்சு நின்று பதினோரு வருடம் ஆகிறது. பூவலிங்கம் இந்த வீட்டைக் கட்டிக் கிரகப்பிரவேசத்துக்கு அழைக்கப் போன அன்று தம்பி வீடு பூட்டியிருந்தது. பத்திரிகையை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். உறையின்மேல் 'திரு. சோலையப்பன்' என்று மட்டும் எழுதியிருந்தார். 'குடும்பத்தார்' விட்டுப்போயிருந்தது. தம்பிதானே, அவனுக்கு எதற்குச் சம்பிரதாயம் என்று நினைத்தார். தம்பி வரவில்லை. அம்மாவின் காரியத்தில்கூட அண்ணன் பந்தலின் இந்தக் கோடியில் நின்றார், தம்பி அந்தக் கோடியில் நின்றான். வந்தவர்கள் இரண்டு கோடிக்கும் நடந்து நடந்து துக்கம் கேட்டார்கள்.

போன வாரம் அத்தை மகன் மூலமாகத் தம்பியிடமிருந்து தகவல் வந்தது.

"ஞாயித்துக்கிழம பத்து மணிக்குக் கூப்புடச் சொல்லு. மூஞ்சியப் பாத்துப் பேசுறதா இருந்தா பேசுறேன். வெறுங்கொரலு வேணாம்."

பூவலிங்கத்தினுடையது பொத்தான் போன். கனகவல்லியின் போனில் கேமரா கெட்டுப்போய், யாரைக் காட்டினாலும் பச்சையாகக் காட்டியது. பதினோரு வருடம் கழித்துத் தம்பி முன்னால் பச்சையாகப் போய் நிற்க பூவலிங்கத்துக்கு மனம் வரவில்லை.

இவ்வளவு யோசித்தவர் வைஃபை விஷயத்தில் மறுபடி கோட்டை விட்டார். பெட்டி நம் வீட்டு ஃப்ரிட்ஜின் மேலேதானே இருக்கிறது, அந்நியமா என்ன, இந்த மலிவு டேப்லெட்டுக்குப் போய்த் தட்டும் பழமுமா என்று நினைத்தார். கனகவல்லியின் போனிலிருந்து வைஃபைக்கு ஒரு வாட்ஸப் செய்தி அனுப்பினார். 'இதையே நேரில் அழைத்ததாக ஏற்று வருகை தரவும்.' இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.

வைஃபை வந்தது. வராமல் இருந்துவிடவில்லை. டேப்லெட்டின் மூலையில் ஒற்றைக் கோடாகத் தலையைக் காட்டியது, கை நனைக்காமல் கிளம்பிப் போய்விட்டது. அப்புறம் திரையில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பூவலிங்கம் டேப்லெட்டை அணைத்துப் போட்டார். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். எதிர்வீட்டம்மா துணி காயப் போட்டபடி, "நேர்ல போய்க் கூப்புடலையாக்கும்" என்று கேட்டுவிட்டு அடுத்த துணியை உதறினாள். அவருக்கு மானம் போயிற்று.

சனிக்கிழமை காலை நெட்டுக்காரர் அந்தோணிராஜ் வந்தார். டேப்லெட்டைக் கையில்கூட வாங்கவில்லை. ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நின்று, பெட்டியின் பச்சை விளக்குகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னன்னு கூப்புட்டீங்க சார்?"

பூவலிங்கம் வாட்ஸப்பைக் காட்டினார். அந்தோணிராஜ் படித்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"தெருவுல போறவங்களுக்கு இப்புடி அனுப்புனா தாங்கிக்குவாங்க சார். வீட்டுக்குள்ளயே இருக்குறவுகளுக்கு அனுப்பலாமா?"

அந்தக் கேள்வி வைஃபையைப் பற்றியது மட்டும்தான். ஆனால் பூவலிங்கத்துக்கு அது போகக் கூடாத இடத்தில் போய்க் குத்தியது. அந்தக் காலத்து நேரப் பதிவேடு கையில் இருந்திருந்தால், தாமதம் பதினோரு வருடம், காரணம் நேரக் காப்பாளரின் திமிர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்.

மதியமே அழைக்கப் போனார்கள். கனகவல்லி பட்டுச்சேலை கட்டினாள். பூவலிங்கம் சட்டையில் கடைசிப் பொத்தானையும் போட்டுக்கொண்டார். இருவரும் செருப்பு மாட்டித் தெருவில் இறங்கி, பால் பூத் வரைக்கும் நடந்து, திரும்பி வந்து தங்கள் வீட்டுக்குள் விருந்தாளிகளைப் போல நுழைந்தார்கள். ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றார்கள். பூவலிங்கம் தட்டை நீட்டினார்.

"எங்க வீட்டு டேப்லெட்டுக்கு இணைப்பு வச்சிருக்கோம். அவசியம் வந்துடணும்."

பெட்டியின் விளக்கு பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியது. கூடவே வந்திருந்த அந்தோணிராஜ் எட்டி உறையைப் பார்த்தார்.

"என்ன சார், 'திரு. வைஃபை'ன்னு மட்டும் எழுதிருக்கீங்க. குடும்பத்தார் எங்க?"

கனகவல்லி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பதினோரு வருடத்துக்கு முன்பு அவள் பார்த்திருக்க வேண்டிய பார்வை அது. அன்றைக்கு உறைகளை நானே எழுதுவேன் என்று இவர் பிடுங்கி வைத்துக்கொண்டதால் அவளுக்கு வாய்க்கவில்லை. பூவலிங்கம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஃப்ரிட்ஜ் கதவில் உறையை வைத்து, 'மற்றும் குடும்பத்தார்' என்று எழுதினார். எழுத்து கோணலாக விழுந்தது. தட்டை மறுபடி நீட்டினார். தப்பாக நினைக்காதீர்கள், புத்தி கெட்டுப் போச்சு என்றும் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து விளக்கு பச்சையானது.

"வந்துரும் சார்," என்றார் அந்தோணிராஜ். "ஆனா மனசு ஆறணும்ல. நாளைக்கு வேகமா வரும்னு எதிர்பாக்காதீங்க. பைய பையத்தான் வரும்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அழைப்பு போனது. மஸ்கட்டில் எடுத்தார்கள். வட்டம் சுற்றியது. பூவலிங்கம் டேப்லெட்டைச் சோபாவில் சாய்த்து வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பத்து இருபதுக்குத் தம்பியின் இடது காது வந்து சேர்ந்தது.

திரையிலிருந்து இறங்கி சோபாவின் மெத்தைமேல் அது உட்கார்ந்தது. சோலையப்பனின் காதுதான், சந்தேகமில்லை. கோபம் வந்தால் முதலில் சிவப்பது அந்தக் காதுதான். இப்போதும் நன்றாகச் சிவந்திருந்தது. கனகவல்லி வந்து பார்த்து, "வாங்க தம்பி" என்றாள். ஃபேன் காற்று நேராக அடித்ததால் வேகத்தைக் குறைத்து வைத்தாள். பூவலிங்கம் அந்தோணிராஜுக்குப் போன் போட்டு, மற்றதெல்லாம் எப்போது வரும் என்று கேட்டார்.

"இந்த வேகத்துக்கு வாய் வர புதன்கெழம ஆயிரும் சார். அதுக்குள்ள நீங்க சொல்ல வேண்டியதச் சொல்லிருங்க."

பூவலிங்கம் நாற்காலியைக் காதுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். இத்தனை வருடமாக இந்தச் சண்டையை மனதுக்குள் நடத்திப் பார்க்கும்போதெல்லாம், அவர் ஒன்று சொன்னால் தம்பி இரண்டு சொல்வான், அதற்கு இவர் நாலு சொல்வார், கடைசியில் இவர்தான் ஜெயிப்பார். இப்போது பதில் சொல்ல எதிரே ஆள் இல்லாததால் ஜெயிக்கவும் வழியில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு வீடு பூட்டியிருந்ததிலிருந்து ஆரம்பித்தார். வாசலில் அரை மணி நேரம் காத்திருந்தேன் என்று சொல்ல வந்தவர், நிறுத்திக்கொண்டார்.

"அஞ்சு நிமிசம்கூட நிக்கலப்பா," என்றார். "வெயிலா இருந்துச்சுன்னு வந்துட்டேன். நீ எங்க போயிறப் போறன்னு நெனச்சேன். அம்மா காரியத்துல ஒன் பக்கத்துல வந்து நிக்கணும்னுதான் இருந்துச்சு. கால் வரல. நான் செஞ்சது தப்பு சோலை."

காது கேட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்குச் சிவப்பு மடல் நுனிக்கு இறங்கியிருந்தது. ஒரு மணிக்கு அதுவும் இல்லை. பூவலிங்கத்துக்குக் கண்ணீர் வந்தது, துண்டால் துடைத்துக்கொண்டார்.

ஒன்றே காலுக்கு வலது கை வந்தது.

வந்த கையை வெறுமனே உட்கார வைக்கக் கூடாதென்று கனகவல்லி இலை போட்டுச் சோறு வைத்துப் புளிக்குழம்பு ஊற்றினாள். கை சோற்றைப் பதமாகப் பிசைந்தது. உருட்டியது. தன் வாய் இன்னும் வந்து சேரவில்லை என்பது அதற்குத் தெரியும் போலிருக்கிறது, உருண்டையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு இலையிலிருந்து எழுந்து பூவலிங்கத்தின் பக்கம் நீண்டது.

பூவலிங்கம் குனிந்து வாயைத் திறந்தார். கனகவல்லி உள்ளே போய் இன்னும் ஒரு கரண்டி குழம்பு எடுத்துவந்தாள்.