எண்ணெய் வைக்காமல் வரவும்

தம்பி அசார் அந்தச் செவ்வாய்க்கிழமை அதைச் சொன்னானா இல்லையா என்று சாஜிதாவுக்கு இன்றும் நிச்சயமில்லை. சொன்னான் என்று அவளே பலரிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லிச் சொல்லி, அந்தக் காட்சி கண்ணுக்கே தெரிய ஆரம்பித்துவிட்டது. அதனாலேயே அதை நம்ப முடியவில்லை.

இரண்டாயிரத்து ஏழு. உம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் தொடங்கிய மறதி, அப்போது, பெற்ற பிள்ளைகளின் பெயரையே மறக்கும் அளவுக்கு வந்திருந்தது. இப்படிப்பட்ட குடும்பங்களில் பிள்ளைகளையும் பரிசோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, செம்பாக்கத்திலிருந்து இருவரும் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் இருந்த ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனார்கள். முதலில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு, தலையில் ஒட்டும் கம்பிகளோடு வந்த ஆய்வாளன் சூர்யநாராயணன், அவள் முக்காட்டை விலக்கியதும் நின்றுவிட்டான்.

“எண்ணெய் வச்சிருக்கீங்களே மேடம். இது ஒட்டாதே.”

வெளியே கிளம்பினால் எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொள்வது அவள் வழக்கம்.

“லாத்தா, மூளையப் பாக்கத்தான் கூப்பிட்டிருக்காங்க. பொண்ணு பாக்க இல்ல,” என்றான் அசார். “எண்ணெ வைக்காம வரணும்னு செவ்வாக்கிழமையே சொன்னேன்ல?”

“என்கிட்டயா? சொல்லவேயில்லையே.”

அசாரின் சிரிப்பு நின்றது. உம்மாவும் ஆரம்பத்தில் இதையே, இதே குரலில்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சாஜிதாவுக்கு நாற்பத்தொன்று. கீழே கடையில் வாங்கிய ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து, அங்கிருந்த குளியலறையில் தலையை அலசியபடி அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பார்த்தாள்.

“ஒரு சொல் காதுல விழும்போது மூளையில ஒரு தாளம் ஓடும்,” என்றான் சூர்யநாராயணன். “அது சரியா அமைஞ்சா சொல் தங்கும். அந்தத் தாளம் பெத்தவங்க ஜீன்லேர்ந்தே வருதான்னு பாக்குறோம்.”

முப்பது சொற்களை வாசித்தான். அரை மணி கழித்து அவள் இருபத்தொன்றைத் திருப்பிச் சொன்னாள். அசாருக்குத் திரைக்கு அந்தப் பக்கம் வேறு பட்டியல். இந்தப் பக்கம் உட்கார்ந்து, அவன் திருப்பிச் சொன்னதை அவள் விரல்விட்டு எண்ணினாள். ஒன்பதோடு நின்றுபோனான்.

“ஒம்போது வாங்கினா ஃபெயில்தானே சார்?”

“இதுல பாஸ் ஃபெயில் கிடையாது சார். தனித்தனியா ரிசல்ட்டும் தர மாட்டோம்.”

திரும்பும் பேருந்தில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். அவனுக்கு முப்பத்தாறு வயது, மறைமலை நகர் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை, இரண்டாவது பெண் பிறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஏரி வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னான்.

“நான் சொல்லல போல, லாத்தா. சொல்லணும்னு நெனச்சேன். நெனச்சதையே சொன்னதா…”

அவள் ஈரத் தலையில் காற்று பட்டது. சற்றுமுன் வரை அவள் சுமந்திருந்த பயம் அவன் மடிக்குப் போய்விட்டதைப் பார்த்தாள்.

“சொன்னடா. இப்பத்தான் ஞாபகம் வருது. நான் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். நீ பைக்க விட்டு எறங்கக்கூட இல்ல.”

“நெசமாவா?”

“நான்தான் காதுல வாங்கல.”

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் நிம்மதியும் இருந்தது. அவளுக்காகப் புதிதாக ஒரு பயமும் இருந்தது.

அடுத்த ரமலானுக்கு முன்பே உம்மா இறந்துபோனாள். ஆராய்ச்சி கட்டுரையாக வெளிவந்ததாக சூர்யநாராயணன் கடிதம் போட்டான். அந்தக் கட்டுரையில் பரிசோதனைக்கு வந்தவர்கள் யார் பெயரும் இல்லை. சாஜிதாவுக்கு மறதி எதுவும் வரவில்லை. அசார் இன்னும் அதே தொழிற்சாலையில்தான் இருக்கிறான். காலையில் கிளம்பும்போது உள்ளங்கையில் பேனாவால் ஏதோ எழுதிக்கொள்கிறான். அவளிடம் பேசும்போது மட்டும் அந்தக் கையை மூடி வைத்துக்கொள்கிறான்.