ஜோடித் துப்பாக்கி

நூற்று நாற்பது டாலர். அமாரில்லோவில் துப்பாக்கிப் பட்டறை வைத்திருக்கும் என் முதலாளி ராய்ஸுக்கு வாடிக்கையாளர் வெண்டெல் தரவேண்டிய கூலி அது. வெண்டெல் இடுப்பில் மறைத்துச் செருகும் சின்னக் கைத்துப்பாக்கி. ட்ரிகரை இழுக்கவே கனமாக இருந்ததால், முதலாளி உள்ளே மெருகேற்றி, மெல்லிய ஸ்பிரிங் போட்டு இலகுவாக்கிக் கொடுத்திருந்தார்.

இன்று வெண்டெல் அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "நீ ஒண்ணுமே பண்ணலைய்யா. எண்ணெய் தடவிக் குடுத்து ஏமாத்துற. பிடிவாதக் கழுதையை இழுக்கிற மாதிரி இருக்கு."

முதலாளி குண்டில்லை என்று பார்த்துவிட்டு, ட்ரிகரில் கொக்கித் தராசை மாட்டி இழுத்தார். ஏழு பவுண்டு காட்டிய பிறகுதான் ட்ரிகர் அசைந்தது. அவர் வேலை முடித்தபோது ஐந்து. பட்டறையில் கூட்டிப் பெருக்கி மெருகுபோடும் ஆள் நான் ஒருவன்தான்; கடைசியாக அதைத் துடைத்துக் கொடுத்தவனும் நான். அவர் பார்வை என்மேல் விழுந்தது.

"ஏம்ப்பா, நான் போட்ட ஸ்பிரிங்கை எடுத்து வித்துட்டியா?"

"சத்தியமா இல்லைங்க." என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"அந்தத் தம்பியை விடுங்க," என்றாள் கூட வந்திருந்த வெண்டெலின் மனைவி லொரெட்டா. கல்யாண நாளுக்கென்று ஒரே மாதிரி இரண்டு வாங்கியவர்கள் அவர்கள். தன் கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, குண்டுகளை நீக்கிக் காட்டிவிட்டு வைத்தாள். தராசு ஐந்து காட்டியது.

"என் விரலுக்கு இதுதான் வாகா இருந்துச்சு. மாத்திக்கிட்டேன்."

"அடிப்பாவி! அப்ப என் இடுப்புல இருந்தது உன்னோடதா?"

"துப்பாக்கி நம்பரைக்கூடப் பாக்காம செருகுற ஆளு, அடுத்தவனைத் திருடன்கிறாரு!"

முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. லொரெட்டா நூற்று நாற்பது டாலரை எண்ணி, அவர் முன்னால் வைத்தாள்.