சேற்றின் மேல் ஜல்லி

பாதைக்கு ஜல்லி நிரவ வேண்டும் என்று மூத்தார் ஆள் விட்டுச் சொன்னதும் டிராக்டர்க்காரி சரி என்றுவிட்டாள். ஊரே வாயைப் பிளந்தது. புருஷன் செத்ததிலிருந்து அவனுடைய அண்ணன் முகத்தில் விழிக்காதவள், அடுத்த வீட்டிலேயே இருந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாதவள், கூப்பிட்ட குரலுக்கு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறாள் என்றால் பைத்தியம்தான் பிடித்திருக்க வேண்டும் என்றார்கள். பைத்தியமாவது ஒன்றாவது. இப்படி ஒரு நாளுக்காகத்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ரோட்டிலிருந்து இரண்டு வீட்டுக்கும் அந்த ஒரே பாதைதான். அது மூத்தார் பெயரில் இருந்தது. நானே ஜல்லி போட்டுக்கொள்கிறேன் என்று அவள் புருஷன் நடையாய் நடந்து கேட்டான். "இன்னைக்குக் கல்லு போடுவ, நாளைக்குப் பாதையே என்னுதுன்னு நிப்ப" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார். அந்த வருஷ மழையில்தான் அவனுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆம்புலன்ஸ் பாதி வழியில் அச்சு வரை புதைந்து நின்றது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனிடம் மூச்சு இல்லை.

அவனுடைய டிராக்டரைப் பிறகு அவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள். இந்த வேலையில் முதலில் டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய இரும்புப் பிளேடை இறக்கிச் சேற்றை வழிக்க வேண்டும். அடியில் கெட்டித் தரை தெரிந்த பிறகுதான் ஜல்லி. வழிக்காமல் மேலே கொட்டினால் அன்றைக்குப் பார்க்க ராஜபாட்டையாக இருக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் கல்லெல்லாம் உள்ளே போய்விடும், மேலே வருகிற வண்டியையும் கூடவே இழுத்துக்கொள்ளும்.

அவள் வழிக்கவில்லை. பாதையின் மேல் ஏடு மட்டும் காய்ந்திருந்தது, அவளுக்கு அதுவே வசதியாகப் போயிற்று. டிப்பர் குவித்துவிட்டுப் போன ஜல்லியைப் பிளேடால் இழுத்து, ரிவர்ஸில் வந்து, நடுவில் சற்று மேடாகவும் ஓரங்கள் சரிவாகவும் நிரவினாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. புதையட்டும், இந்த ஆள் வண்டிக்குள் உட்கார்ந்து கத்தட்டும், நான் ஜன்னலில் நின்று பார்க்கிறேன் என்று நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

"பிரமாதம்மா" என்று மூத்தார் வாசலில் நின்று பல்லெல்லாம் காட்டினார்.

அவருக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரகத்தி வந்தாள். முகமும் காலும் வீங்கியிருந்தன. உடம்பு சரியில்லை என்று கேள்விதான், இவ்வளவு என்று டிராக்டர்க்காரிக்குத் தெரியாது. அன்றைக்கு மூத்தார் தடுத்தும் கேட்காமல் ஓடிவந்து கட்டிலின் ஒரு மூலையைத் தோளில் தாங்கியவள் இந்த அக்காதான்.

"கிட்னி ரெண்டும் போச்சுடி. வாரத்துக்கு மூணு வாட்டி டயாலிசிஸ். மழையில வண்டி எப்படி வரும்னு நெனச்சு நெனச்சே பாதி செத்தேன். நீ போட்ட பாதை, இனி பயமில்ல."

டிராக்டர்க்காரி என்ஜினை அணைத்தாள்.

"நம்பாதீங்கக்கா. சேத்த வழிக்காம மேல கொட்டியிருக்கேன். ஒரு மழைக்குத் தாங்காது."

மூத்தாரின் பல் உள்ளே போனது. "ஏம்மா இப்படிப் பண்ண?"

"ஏன்னு நீங்க சொல்லுங்க மாமா. சொன்னா முதல்லேர்ந்து ஒழுங்கா போடுறேன். இல்லன்னா வண்டிய எடுத்துட்டுப் போறேன்."

தான் போகப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது, அது போதும்.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மென்று முழுங்கி, கடைசியில் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"நான் கல்லு போட விடல. அதனாலதான் என் தம்பி போனான்."

"சத்தமா சொல்லுங்க."

மறுபடி சொன்னார். வேடிக்கை பார்க்க வந்து நின்றவர்களுக்கும் கேட்டது. அப்போதும் அவளுக்கு மனம் ஆறவில்லை, இன்னும் வேண்டும் போலிருந்தது. தான் போட்ட ஜல்லி அத்தனையையும் ஒதுக்கி, சேற்றை வழித்து ஓரத்தில் தள்ளி, சாயங்காலம் வரை மறுபடி நிரவினாள்.

முடிந்ததும் மூத்தார் ரோட்டுப் பக்கம் போகப் பாதையில் கால் வைத்தார்.

"மாமா, இது அக்காவுக்குப் போட்டது. நீங்க ஓரமா நடங்க. இன்னைக்கு மட்டும் இல்ல, என்னைக்கும்."

ஓரத்தில் சேறு முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அதான் சொல்றா இல்ல" என்றாள் அவள்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவர் சேற்றில் இறங்கினார்.