பத்துக் கோடிக்கு எண்பத்தொன்று குறைவு

மீன் சூப்புக் கரண்டியைக் கையால் தள்ளிவிட்டான் லோரின்ஸ். போர்வையில் சிவப்பாகச் சிந்தியது.

"அது கெடக்கட்டும். எண் சொல்லுக்கா."

பிரோஷ்கா ஈரத்துணியால் துடைத்தாள். தினமும் காலையில் அவள் ஒரு எண் சொல்ல வேண்டும். தம்பி அதை மனக்கணக்காகவே பகா எண்களாக உடைப்பான். தன் தலைக்குள் கட்டி என்று தெரிந்த அன்று அவன் அவளிடம் வாங்கிய சத்தியம். அப்பாவுக்கும் இதே கட்டிதான். புத்தி போனது தெரியாமலே பேசிக்கொண்டிருந்தார். பார்க்க வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

'நான் தப்பா சொன்னா அன்னைக்கே மூஞ்சிக்கு நேரா சொல்லிடணும். தலையாட்டக் கூடாது,' என்றிருந்தான் தம்பி.

"பத்துக் கோடிக்கு எண்பத்தொண்ணு கம்மி," என்றாள். வேண்டுமென்றே எளிதாகத் தேர்ந்தெடுத்தது.

"ஐயே! வரி ஆபீஸ்ல உக்காந்து உக்காந்து மூளை துருப்பிடிச்சுப் போச்சு உனக்கு. பத்தாயிரத்தோட வர்க்கத்துல ஒம்பதோட வர்க்கம் போகுது. ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொண்ணு, பத்தாயிரத்து ஒம்பது. ரெண்டுமே பகா எண். முடிஞ்சுது."

கணக்கு முடியவில்லை. முதல் எண் இன்னும் உடையும், அதே வழியில்.

"சரிதான்டா."

கீழே டிராம் போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. லோரின்ஸின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பினான்.

"மொதல் எண்ணு... நூறோட வர்க்கத்துக்கு ஒம்பது கம்மி. தொண்ணூத்தேழு, நூத்திமூணு."

"ஆமா."

"உனக்கு முன்னாடியே தெரியும்."

அவள் துணியை மடித்தாள்.

"அப்ப நேத்து சரின்னு சொன்னியே?"

மடித்த துணியை மறுபடி பிரித்தாள்.

"முந்தாநாளு? அக்கா, எத்தனை நாளா?"

அப்பாவின் முகத்தில்கூட அவள் இந்தப் பயத்தைப் பார்த்ததில்லை. அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. இவனுக்குத் தெரிந்துவிட்டது.

அவனுக்கு மூச்சு இழுத்தது. அவள் மணிக்கட்டை இறுகப் பற்றினான்.

"பத்தாயிரத்து ஒம்பதாச்சும் நெசமா பகா எண்ணா? சும்மா சொல்லாத. வகுத்துக் காட்டு."

நூறுவரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். எதுவும் மீதியில்லாமல் வகுக்காவிட்டால் அது பகா எண்தான். இரண்டு, மூன்று, ஐந்து வகுக்காதென்று பார்த்தாலே தெரியும். அவள் ஜன்னலைப் பார்த்தபடி ஏழிலிருந்து தொடங்கினாள்.

"ஏழு, மீதி ஆறு. பதினொண்ணு, மீதி பத்து. பதிமூணு, மீதி பன்னெண்டு..."

ஒவ்வொரு மீதிக்கும் அவன் விரல்கள் ஒருமுறை அழுத்தின. அறுபத்தொன்றுக்கு அழுத்தவில்லை. அதற்குப் பிறகும் இல்லை; பிடி தளர்ந்துவிட்டது. அவள் திரும்பவில்லை. குரல் நடுங்கியது, கணக்கு நடுங்கவில்லை.

"எண்பத்தொம்பது, மீதி நாப்பத்தொண்ணு. தொண்ணூத்தேழு, மீதி பதினெட்டு."

அவ்வளவுதான். பகா எண்தான். இனி வகுக்க எதுவும் இல்லை.

எதிர்வீட்டுக்காரி பால்கனியில் கம்பளத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நூத்தியொண்ணு," என்றாள் பிரோஷ்கா. "மீதி பத்து. நூத்திமூணு..."