கஞ்சி கொண்டுவந்த தூதன்

எங்கள் சபை மாத இதழுக்குப் புத்தக மதிப்புரை எழுதுவது நான்தான். விசுவாசம், குடும்பம், சாட்சி என்று ஓய்வுபெற்றவர்கள் எழுதித் தள்ளுவதெல்லாம் என் வீட்டுக்கு வந்து சேரும். எல்லாப் புத்தகத்திலும் அப்பா விடியுமுன் எழுந்து ஜெபம் பண்ணுவார். அம்மாவுக்குக் கோபமே வராது. பிள்ளைகள் எல்லாரும் டாக்டர்கள். தூத்துக்குடியில் இப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததில்லை. கோயிலில் முதல் மணி அடிக்கும்போதுகூடச் சட்டினியில் உப்பில்லை என்று சண்டை நடக்கிற வீடுகளைத்தான் எனக்குத் தெரியும்.

இந்த முறை வந்தது என் அண்ணன் ஜேசுபாதம் எழுதிய ‘வற்றாத எண்ணெய்க் கலசம்’. சாத்தான்குளத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். அதனால் தேடினாலும் எழுத்துப்பிழை கிடைக்காது. தேடினாலும் கிடைக்காத இன்னொன்று, என் அக்கா ரேச்சல். புத்தகத்தில் அண்ணனுக்கு ஒரே தங்கைதான். அது ஈவாஞ்சலின், அதாவது நான்.

இந்துவான உடன்குடிக் கருப்பட்டி வியாபாரி மந்திரமூர்த்தியைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அக்காவை அண்ணன் வீட்டில் சேர்ப்பதில்லை. நன்றியுரையில் ஆஸ்பத்திரி லிஃப்ட்காரருக்குக்கூட இடம் இருக்கிறது. நெஞ்சு ஆபரேஷன் நடந்த அத்தியாயத்தில் மட்டும் ஒரு வரி வருகிறது: ‘அந்நாட்களில் கர்த்தர் தம் தூதனை அனுப்பி, காலைதோறும் எனக்குக் கஞ்சி கொடுத்தார்.’

அந்தத் தூதன் உடன்குடியில் முதல் பஸ் பிடித்து, தூக்குவாளியோடு நின்றுகொண்டே வந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அண்ணன் கூடப்பிறந்தவளைக் கஞ்சியிலேயே மறைத்துவிட்டார்.

வெளியீட்டு விழாவுக்கு முந்தின நாள் அக்கா போன் பண்ணினாள்.

“ஏளா, அண்ணன் புஸ்தகம் எழுதியிருக்காவளாம்லா. என் பேரு இருக்கா?”

“வந்து பாருக்கா” என்றேன். வேறு என்ன சொல்ல?

வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மடியில் அண்ணனுக்காக ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி. அதன்மேல் புத்தகத்தை விரித்து, விரல் வைத்து வரிவரியாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஆட்கள் வீடு, கார், தையல் மெஷின் எதையும் ஜெபம் பண்ணாமல் தொடமாட்டார்கள். புத்தகம் மட்டும் தப்புமா? “குடும்பத்தார் எல்லாரும் முன்னால வாங்க, ஜெபிப்போம்” என்றார் போதகர். பேரன் பேத்தி தொடங்கி, சம்பந்தியின் சம்பந்தி வரை மேடையேறினார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை. தேடின விரலும் நின்றுவிட்டது.

அடுத்தது என் மதிப்புரை. மைக்கைப் பிடித்தேன்.

“அருமையான புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் விசுவாசம் வழியுது. ஒரே குறை, ஆஸ்பத்திரிக்கு வந்த தூதன் பேரை அண்ணன் விட்டுட்டாவ. வேதத்துலயே தூதர்களுக்குப் பேரு உண்டு. இந்தத் தூதன் இங்கனதான் கடைசி வரிசையில உக்காந்திருக்கு. இன்னைக்கும் பஸ்லதான் வந்திருக்கு.”

ஹாலில் சிரிப்பு எழுந்தது. அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் எத்தனை இன்ஸ்பெக்‌ஷனைச் சமாளித்தவர்! “தூதன்னுல்லா எழுதியிருக்கேன். ஒரு மனுசிக்கு இதைவிடப் பெரிய பேரு என்ன வேணும்? எந்திரி ரேச்சல்” என்றார்.

அக்கா எழுந்து மேடைவரை நடந்து வந்தாள். ஓலைப்பெட்டியை அண்ணன் முன்னால் வைத்தாள்.

“தூதனுக்கு அப்பா அம்மா கிடையாதுண்ணே. எனக்கு இருந்தாவ. உங்களுக்கு இருந்த அதே அப்பா அம்மாதான்.”

அதைச் சொல்ல அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. டீயும் மக்ரூனும் வருவதற்குள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அந்த மாத இதழில் நான் மதிப்புரை எழுதவில்லை. அக்கா சொன்னதை மட்டும் அப்படியே போட்டு, கீழே எழுதினேன்: ரேச்சல், நூலாசிரியரின் மூத்த தங்கை.