பிரிப்பதற்கென்று ஒரு கிட்டார்

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் மாசாயில், தங்கராஜுவின் பழைய சாமான் கடைக்கு ஃபெலிசியா பையில் ஸ்குரூடிரைவரோடுதான் போனாள். கூடவே அண்ணன் டெஸ்மண்டும் ஒட்டிக்கொண்டு வந்தான். மாதா கோயில் பாட்டுக் குழுவில் கிட்டார் வாசிப்பவன். ஊரில் உள்ள கிட்டாருக்கெல்லாம் தானே சொந்தக்காரன் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

அவனுடைய கிட்டாரை அவள் தொடக்கூடாது. அது ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்தது. லேசாகக் கரகரத்தால்கூட ரிப்பேருக்கு சிங்கப்பூர்தான் போகும். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் நாள் முழுக்க ஈயம் உருக்கி ஒயர் ஒட்டும் சோல்டரிங் வேலை செய்கிற தங்கை ஒருத்தி வீட்டிலேயே இருப்பது யாருக்கும் உறைக்கவில்லை.

கிட்டார் ரிப்பேரில் இறங்க வேண்டும் என்று ஃபெலிசியாவுக்கு ஆசை. ஆசை இருந்தால் போதுமா, கெடுத்துப் பழக ஒன்று வேண்டாமா? டெஸ்மண்ட் சின்ன வயதில் எதை உடைத்தாலும் ‘பையன் கத்துக்கிறான்’ என்று வீடே பூரித்தது. ஒரே ஒரு மிக்சியைத் திறந்த பாவத்துக்கு இவள் இன்னும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள். இது எந்த ஊர் நியாயம்?

டெஸ்மண்ட் பளபளவென்ற சிவப்பு கிட்டார் ஒன்றைச் சத்தம் கூட்டும் ஆம்ப் பெட்டியில் செருகி, கடை அதிர வாசித்துக் காட்டினான்.

“இத எடு லா. சவுண்டு நல்லாருக்கு.”

“நல்லா இருக்கிறத வச்சி நான் என்னண்ணே பண்றது? கழுத்த வேற பசை போட்டு ஒட்டியிருக்காங்க, கழட்டவே முடியாது.”

மூலையில் கிடந்த கறுப்பு கிட்டாரை எடுத்தாள். சாயம் உரிந்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஒன்றுகூட இல்லாமல் பரிதாபமாக இருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீளவாக்கில் பார்த்தாள். வளைவில்லை, முறுக்கில்லை. அது ஒன்று சரியாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு நல்லது. முதுகைத் திருப்பினாள். கழுத்தைத் திருகாணி போட்டுத்தான் பிடித்திருந்தார்கள். ஆம்பில் செருகினாள். மூச்சே இல்லை.

“செத்துப் போனத தூக்கிக்கிட்டு வராத. என் மானம் போவுது,” என்றான் டெஸ்மண்ட்.

தங்கராஜுவுக்கும் சங்கடம். “தங்கச்சி, வேலை செய்யாதத வித்துட்டேன்னு நாளைக்கு வந்து நிக்கக்கூடாது.”

“வேலை செஞ்சா எனக்கு வேணாம்ணே,” என்று அதையே வாங்கிக்கொண்டாள். மோட்டார்சைக்கிளில் வீடு வரும்வரை டெஸ்மண்ட் வாயைத் திறக்கவில்லை. அதுவும் லாபம்தான்.

வீட்டில் அம்மா டொரத்திக்கு ஒரே பூரிப்பு. “ஞாயித்துக்கிழமை பூசைக்குக் கொண்டுபோயி ஃபாதர்கிட்ட மந்திரிச்சிக்குவோம். அதுவரைக்கும் சாமி படத்துக்குக் கீழ வை.”

அம்மா பாசத்தில்தான் சொன்னாள். ஆனால் தீர்த்தம் பட்ட பொருளின் மேல் இந்த வீட்டில் ஸ்குரூடிரைவர் படாது. அப்புறம் இதுவும் பார்த்துக் கும்பிடுகிற சாமானாகிவிடும்.

“வேணாம்மா.”

“மந்திரிக்கிறத யாராவது வேணாம்பாங்களா?”

“மந்திரிச்சிட்டா பிரிக்க விடமாட்டீங்க. நான் பிரிக்கத்தான் வாங்குனேன்.”

அம்மா பதில் யோசிப்பதற்குள் கம்பிகளைத் தளர்த்திக் கழற்றி, திருகாணிகளையும் உருவிவிட்டாள். கழுத்து தனியாகக் கையோடு வந்தது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

முதுகு மூடியைத் திறந்து, அறுந்து கிடந்த ஒயரைச் சேர்க்க சோல்டரிங் கம்பியைச் சுடவைத்தாள். தொழிற்சாலையில் தொட்டதும் ஈயம் ஒட்டும். இங்கே ஒயர் சேரவேண்டிய கனமான உலோகம் சூட்டையெல்லாம் குடித்தது. பிடிவாதமாக அழுத்திப் பிடித்தாள். பக்கத்து ஒயரின் தோல் உருகி, குப்பென்று புகை கிளம்பியது.

டெஸ்மண்ட் எட்டிப் பார்த்துச் சிரித்தான். “நான்தான் அப்பவே சொன்னேன்ல.”

“கெடுத்துட்டியா?” என்றாள் அம்மா.

‘இல்லம்மா’ என்று சொல்லித்தான் ஃபெலிசியாவுக்குப் பழக்கம். இந்த முறை அதைச் சொல்லவில்லை.

“ஆமாம்மா, கெடுத்துட்டேன். நாளைக்கும் கெடுப்பேன். ‘பொண்ணு கத்துக்கிறா’ன்னு எனக்கும் சொல்லுங்க.”

ஃபெலிசியா கருகிய ஒயரை வெட்டி எறிந்துவிட்டு, சோல்டரிங் கம்பியை மறுபடியும் எடுத்தாள்.