பதினோராவது பாகத்தில் ஒரு தொப்பி

குருண்,
9.6.2024

அன்புள்ள தம்பி குணாளன் அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய பென்டிரைவ் வந்து சேர்ந்து நான்கு மாதமாகிறது. வீட்டில் பார்த்தீர்களா, அம்மாவுக்குப் பிடித்திருந்ததா என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். மூன்றாவது முறை, உங்கள் கார்ட்டூனில் வரும் அந்தக் குட்டி மந்திரவாதி மினுவுக்கு இனி வேறொரு பெண் குரல் கொடுக்கப் போவதாகவும், எங்களுக்கு அதில் வருத்தம் உண்டா என்றும் எழுதியிருந்தீர்கள். வருத்தம் இல்லை. அந்தப் பெண் நன்றாகச் செய்யட்டும். மற்றதை வரிசைப்படி எழுதினால்தான் உங்களுக்கு விளங்கும்.

என் மகள் ஷீலாவை உங்களுக்கு ஒலிப்பதிவு அறையில்தான் தெரியும். இருபத்து நான்கு வயதிலும் அவளுக்குச் சின்னப் பிள்ளைக் குரல். தொழிற்சாலையில் அவளை எலிக்குஞ்சு என்று கூப்பிடுவார்கள். நீங்கள் அதே குரலுக்காக அவளைத் தேடிப் பிடித்தபோது வீட்டுக்கு வந்து, "அப்பா, என் குரலுக்கு வயசு எட்டு, எனக்குத்தான் இருபத்து நாலு லா," என்று சிரித்தாள். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒலிப்பதிவுக்காகச் சுங்கைப் பட்டாணிக்கு பஸ் ஏறிவிடுவாள்.

பதினோராவது பாகத்தில்தான் மினுவுக்கு நிறையப் பேச்சு. பரீட்சை நாள் காலையில் அவளுடைய மந்திரத் தொப்பி காணாமல் போய்விடும். தொப்பி இல்லாமல் ஒரு மந்திரமும் பலிக்காது. வீடு முழுக்க ஓடி ஓடி, "அம்மா, என் தொப்பி எங்கம்மா?" என்று மூன்று தடவை கேட்பாள். மாவு பிசைந்துகொண்டிருக்கும் தாய் காதில் வாங்கவே மாட்டாள். அந்த ஒரு வரியை ஷீலா எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். அழுதுகொண்டு ஒரு தடவை, கோபமாக ஒரு தடவை, இருமிக்கொண்டு ஒரு தடவை. என் மனைவி குணவதி சமையலறையிலிருந்து, "ஆணியில பாருடி," என்பாள். ஷீலாவின் தொழிற்சாலைத் தொப்பி எப்போதும் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணியில் தொங்கும். "அம்மா, இது டயலாக்கும்மா," என்று இவள் கத்துவாள். அவள் மறுபடியும், "ஆணியிலதான் இருக்கு, போ," என்பாள்.

ஒளிபரப்பாகும் தேதியை ஷீலாவே என்னிடம் சொல்லிக் குறிக்கச் சொன்னாள். போன வருடம் ஆகஸ்ட் 26, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. நான் தோட்டத்து ஆபீஸில் முப்பத்தோரு வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, பக்கத்தில் 'ஷீலா' என்று எழுதி வைத்தேன்.

ஆகஸ்ட் 18-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, டெங்கிக் காய்ச்சலில் அவள் இறந்துபோனாள். படுத்து ஐந்து நாள்தான்.

பெண்டாங்கிலிருந்து என் மைத்துனர் அய்யாவு, குணவதியின் அண்ணன், வந்து காரியங்களைப் பொறுப்பெடுத்துக்கொண்டார். துக்க வீட்டில் பதினாறாம் நாள் வரை டிவி போடக்கூடாது. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அவர் பிளக்கைப் பிடுங்கி, டிவியின் மேல் ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்திவிட்டார். பக்கத்து வீட்டு ஜோசபின் மாதா கோவிலுக்குப் போகிறவள். இருந்தாலும் எங்களுக்காகத் தன் வீட்டு டிவியையும் சத்தம் குறைத்தே வைத்திருந்தாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. வீடு நிறைய ஆட்கள். குணவதி கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கிழமை, தேதி எதுவும் நினைவில்லை. எனக்கு இருந்தது. காலையிலிருந்து அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேட்டியை எடுத்துவிட்டு அரைமணி நேரம் போடலாமா என்று மைத்துனரிடம் கேட்க வேண்டும் என்று நான்கு தடவை எழுந்தேன். மகள் செத்து ஒன்பது நாள் ஆகவில்லை, அப்பனுக்குக் கார்ட்டூன் கேட்கிறது என்று நாலு பேர் சொல்வார்களே என்று நான்கு தடவையும் உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து மணிக்குமேல் இருக்கும். குணவதி திடீரென்று நிமிர்ந்தாள். காதைச் சுவரில் வைத்தாள்.

"என்னங்க, ஷீலா கூப்புடுறா," என்றாள். "அம்மான்னு கூப்புடுறா."

பெண்கள் உடனே அழ ஆரம்பித்துவிட்டதால் வேறு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. 'அம்மா' என்பது மட்டும் தெளிவாக, மிச்சம் சுவருக்குள் கலங்கலாக. அது என்ன, எங்கிருந்து வருகிறது, அதற்கடுத்து என்ன வார்த்தை என்று அந்த வீட்டில் ஒருவனுக்குத்தான் தெரியும்.

குணவதி என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள்.

தம்பி, உண்மையைச் சொன்னால் டிவியைப் போடு என்பாள், எல்லார் முன்னாலும் ரகளையாகும் என்று பயந்தேன். அந்த ஒரு நிமிடம் எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

"ஒண்ணும் கேக்கல குணவதி. உனக்குப் பிரமை," என்றேன்.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அய்யாவு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கல்யாணமாகாத பிள்ளை, ஆசை அடங்காமல் வீட்டைச் சுற்றுகிறது, இப்படியே விட்டால் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போய்விடும் என்றார். எலுமிச்சம்பழம் வெட்டி, வாசற்படியில் குங்குமம் தடவி, குணவதியைத் தெருவைப் பார்க்க நிற்க வைத்தார்கள். பெற்றவள் வாயால் மூன்று முறை போ என்று சொன்னால்தான் போகும் என்றார்.

அவள் முதலில் மாட்டேன் என்றாள். பிறகு அண்ணன் சொல்லுக்குக் கட்டுப்பட்டாள். "போயிரு கண்ணு. இனிமே வராத," என்று மூன்று முறை சொன்னாள். மூன்றாவது தடவை குரல் வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது. கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான்.

மறுநாள் ஜோசபின் வீட்டுப் பின்பக்கம் என்னைப் பார்த்து அழுதாள். "அண்ணே, எங்க மக செரீனாதான் ஷீலா அக்கா வருதுன்னு சத்தத்தைக் கூட்டிருச்சு. நான் ஓடிப்போய்க் குறைச்சேன் லா. குணவதி அக்காகிட்ட நான் சொல்லிரட்டா?" என்றாள். வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

அதன்பிறகு குணவதி அந்தச் சுவர்ப் பக்கம் உட்காருவதை விட்டுவிட்டாள். நான் தொலைக்காட்சி நிலையத்துக்குக் கடிதம் எழுதினேன். மறுஒளிபரப்பு இல்லை என்று பதில் வந்தது. இன்னொன்று எழுதினேன், பதில் இல்லை. மூன்றாவது கடிதம்தான் உங்கள் கைக்கு வந்தது. மகளின் குரலை எப்படியாவது கொண்டுவந்து குணவதி மடியில் வைத்துவிட்டால், அன்றைக்கு நடந்ததைச் சொல்லாமலே கழித்துவிடலாம் என்பது என் எண்ணம்.

பென்டிரைவ் வந்த அன்று மத்தியானம் அவளை உட்கார வைத்து, "ஷீலா பேசின கார்ட்டூன் வந்திருக்கு," என்றேன். அவள் முகத்தில் பல மாதத்துக்குப் பிறகு ஏதோ அசைந்தது. டிவியில் செருகப் போனேன்.

"இது எப்ப டிவில போட்டாங்க?" என்று கேட்டாள்.

தேதி கேட்டால் தேதி சொல்லிப் பழகிய வாய். "ஆகஸ்ட் இருபத்தாறு, சனிக்கிழமை, அஞ்சு மணி," என்றேன்.

அவள் விரலை மடக்கி எண்ணினாள். ஒன்பதாவது விரலில் நிறுத்தினாள்.

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "தொப்பியத்தான கேட்டா," என்றாள். "பிள்ள தொப்பி கேட்டதுக்கு, நான் வாசல்ல நின்னு போயிருன்னு சொல்லியிருக்கேன்."

அந்த டிவியில் அவள் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். ஜோசபின் வீட்டில் போடுங்கள், சத்தத்தை அன்றைக்கு இருந்த அளவுக்கு வையுங்கள், நான் இங்கேதான் இருப்பேன் என்றாள். ஜோசபினிடம் போய்ச் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை கேட்காமல் நாற்காலிகளை ஒதுக்கிக் கொடுத்தாள். நான் அங்கே நின்று பட்டனை அமுக்கினேன். திரையில் மினு தனக்குப் பெரிதான அங்கியை இழுத்துப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஓடிவந்தாள். "அம்மா, என் தொப்பி எங்கம்மா?" என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

இரண்டாவது தடவையும் இல்லை. செரீனா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது தடவை, ஷீலா இருமிக்கொண்டே சொன்னதைத்தான் நீங்கள் எடுத்திருக்கிறீர்கள், எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஆணியில இருக்கு கண்ணு," என்று சுவரிலிருந்து குணவதியின் குரல் வந்தது. "எங்கயும் போகாத. வந்து எடுத்துக்கோ."

இதுதான் தம்பி நடந்தது. இப்போது சனிக்கிழமை தோறும் ஐந்து மணிக்கு நான் ஜோசபின் வீட்டுக்குப் போய் அதைப் போடுகிறேன். குணவதி எனக்குச் சோறு போடுகிறாள், சட்டையைத் தேய்த்து வைக்கிறாள், தேவைக்குமேல் பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை. அவள் வாயிலிருந்து 'கண்ணு' என்ற சொல் வாரத்தில் ஒரு தடவைதான் வருகிறது. அதை நான் ஷீலாவின் குரல் வந்த பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

புதிதாகக் குரல் கொடுக்கும் பெண்ணுக்கு என் ஆசிகளைச் சொல்லவும்.

இப்படிக்கு,
பரஞ்சோதி